மீனவர் என்று தட்டினால்

உங்கள் அக்கா ஏன் நர்சிங் படிக்கவில்லை என்று நீங்கள் இரண்டு பேரும் அடிக்கடி கேட்கிறீர்கள். அவள் சொல்ல மாட்டாள். உங்கள் அம்மா பேச்சை மாற்றிவிடுவாள். நான் எட்டாவது வரை படித்தவன், எழுத வந்த அளவில் எழுதிவைக்கிறேன். பாதித் தப்பு என் மேல்தான்.

அன்று புதன்கிழமை. விசைப்படகுகள் கடலுக்குப் போகும் நாள்; அன்று நாட்டுப்படகுகளுக்கு முறை கிடையாது. அதனால் என் நாட்டுப்படகு கரையில் கிடந்தது, நானும் வீட்டில் இருந்தேன். உங்கள் மாமா காலையிலேயே விசைப்படகில் போய்விட்டார்.

மீனவர் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கிய நர்சிங் இடத்துக்கு விண்ணப்பம் போட அன்று மாலை ஐந்து மணிதான் கடைசி. அக்கா சான்றிதழ் வாங்க ராமேஸ்வரம் தாலுகா ஆபீசுக்குக் கிளம்பினாள். வீட்டில் இருந்த ஒரே பெரிய போனை என்னிடம் கொடுத்து, என்ன தட்டித் தேட வேண்டும் என்று ஒரு தாளில் எழுதியும் வைத்தாள்.

"அய்யா, ஃபாரத்த எடுத்து, பேரு, பிறந்த தேதி வரைக்கும் அடிச்சு வைங்க. மூணு மணிக்குள்ள வந்துர்றேன்."

"நீ போயிட்டு வா தாயி, நான் முடிச்சு வைக்கிறேன்" என்று பெரிய மனுஷன் மாதிரி சொன்னேன்.

வலை இழுத்துக் காய்த்துப்போன விரல். ஒரு எழுத்தைத் தொட்டால் பக்கத்து எழுத்து விழும். அழித்து அழித்து 'மீனவர்' என்று அடித்து முடிப்பதற்குள், நான் என்ன கேட்கப் போகிறேன் என்று அதுவே முடிவுசெய்து கீழே வரிசையாகக் காட்டியது. மீனவர்கள் கைது இன்று. மீனவர்கள் விடுதலை எப்போது. மீனவர்கள் கைது எத்தனை பேர். 'பிள்ளைகள்' என்று ஒரு வரிகூட இல்லை. அழித்துவிட்டு மறுபடி அடித்தேன். மறுபடியும் அதே. நாம் பேச்செடுக்கும் முன்பே குறுக்கே பேசுகிற ஆளிடம் மாட்டிக்கொண்ட மாதிரி எரிச்சலாக வந்தது. மூன்றாம் தடவை என் விரல் அந்த முதல் வரி மேலேயே விழுந்தது. மேலே 'மீனவர்கள் கைது இன்று', கீழே ஒரு படகுப் படம்.

மீன் கழுவிய கையைத் துடைத்துக்கொண்டே உங்கள் அம்மா எட்டிப் பார்த்தாள்.

"ஏங்க, இன்னைக்குன்னு போட்டுருக்கே! எந்தம்பி போயிருக்கானே!"

நானும் நம்பிவிட்டேன். நம் ஊரில் கைது என்ற சொல்லைப் பார்த்தபின் யாருக்குத் தேதி பார்க்கத் தோன்றும்? அவள் போனைப் பிடுங்கித் தம்பிக்கு அடித்தாள். கடலுக்குள் டவர் ஏது? அடுத்து, படகில் கூடப் போனவர்களின் வீடுகளுக்கெல்லாம் அடித்தாள். கால் மணி நேரத்தில் தெருப் பெண்கள் மாதா கோயிலில் கூடி ஜெபமாலை சொல்லத் தொடங்கிவிட்டார்கள். இலங்கை நேவியிடம் படகு பிடிபட்டால் நம் பெண்கள் முதலில் செய்வது அதுதான். போனும் அவளோடு கோயிலுக்குப் போய்விட்டது. ஆண்கள் நாங்கள் அந்த விசைப்படகுக்காரர் வாசலில் போய் நின்றோம்.

அவர் ஐஸ் கம்பெனிக்குப் போயிருந்தார். வந்து வயர்லெஸ்ஸில் கூப்பிட்டு என்னைப் பேசவிட நாலு மணி ஆகிவிட்டது.

"என்ன மச்சான்? இறால் நல்லா படுது, வேலையக் கெடுக்காதிய" என்றது உங்கள் மாமாவின் குரல்.

படகுக்காரர் என்னைப் பார்த்தார். "ஏலே, எவம்லே கைதுன்னு சொன்னது?"

"போன்ல போட்டுருக்குண்ணே."

"காட்டு பாப்போம்."

கோயிலுக்கு ஓடி உங்கள் அம்மாவையும் போனையும் கூட்டிவந்தேன். அவர் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

"இது மூணு வருசத்துக்கு முன்னால பிடிபட்ட படகுலே. இன்னைக்குங்கிறது செய்தியில்ல, சனங்க தட்டித் தட்டிக் கேக்குற கேள்வி. எல்லாரும் இதையவே கேட்டா அதுவும் இதத்தான் முன்னால நீட்டும்."

உங்கள் அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். "படகு போற நாளெல்லாம் நாந்தான் அதத் தட்டிப் பாப்பேன். ஒண்ணுமில்லன்னு பாத்தாத்தான் எனக்குச் சோறு எறங்கும்."

எனக்கு வந்த கோபத்தை யார் மேல் காட்டுவது என்று தெரியவில்லை.

வீட்டுக்கு வந்தபோது நாலரை. தெருவில் கேட்க ஆளில்லாமல், எங்களை எங்கே தேடுவது என்று தெரியாமல், அக்கா மூன்று மணியிலிருந்து சான்றிதழோடு வாசலில் நின்றிருக்கிறாள்.

"அய்யா, ஃபாரம் எடுத்தீங்களா?"

நான் தாளை நீட்டினேன். அவள் எழுதிக் கொடுத்த அதே தாள். அவள் போனை வாங்கி உட்கார்ந்து மளமளவென்று அடித்தாள். சான்றிதழைப் படம் பிடித்து ஏற்றும்போது போன் அணைந்துவிட்டது. மத்தியானம் முழுக்கப் பேசிப் பேசிச் சார்ஜ் தீர்ந்திருந்தது. சார்ஜ் ஏறி மறுபடி திறந்தபோது மணி ஐந்து ஐந்து. நேரம் முடிந்தது என்று ஒரு வரி மட்டும் இருந்தது.

"மாமா பத்திரமா இருக்காருல்ல, விடுங்கய்யா" என்றாள்.

இப்போது ராமநாதபுரத்தில் பி.காம். படிக்கப் பாலம் தாண்டி தினமும் பஸ்ஸில் போகிறாள். பிடித்திருக்கிறதா என்று நான் கேட்டதில்லை. கேட்டிருக்க வேண்டும்.

நேற்று உங்களுக்கு ஒரு விண்ணப்பம் தேடலாம் என்று 'மீனவர்' என்று அடித்தேன். முதல் வரியில் அதே கைது வந்து நின்றது. போனைத் தூக்கி எறியலாம் போல இருந்தது. அது காட்டிய எதையும் தொடாமல், எழுத்து எழுத்தாகக் கடைசி வரை நானே அடித்தேன். அரை மணி நேரம் ஆனது.

உங்கள் மாமா கடலுக்குப் போகும் நாட்களில் உங்கள் அம்மா இன்னும் அதைத் தட்டிப் பார்க்கிறாள். தட்டாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.