சுரண்டாமல் விட்ட நீலம்

மகள் பிறந்தபோது எனக்கு நாற்பத்திரண்டு வயது. அதற்கு முன் இரண்டு முறை கரு கலைந்திருந்தது. அதனால் அவள் விஷயத்தில் எனக்கு எதுவுமே சாதாரணமாகத் தெரிவதில்லை. கொசுவத்திப் புகை, பக்கத்து வீட்டுக்காரரின் இருமல், புதுத் துணியின் கஞ்சி வாடை, எல்லாவற்றுக்கும் பயப்படுவேன். என் கணவர் ஆரம்பத்தில் சிரித்தார். பிறகு சிரிப்பதையும் விட்டுவிட்டார்.

அவளுக்கு ஒன்றேகால் வயதானபோது, சுற்றிலும் சட்டம் வைத்து ஒரு சின்னக் கட்டில் செய்ய நினைத்தோம். பிளைவுட்டில் இருக்கும் பசையின் வாடை குழந்தைக்கு ஆகாது என்று எங்கோ படித்திருந்தேன். பழைய மரம்தான் பத்திரம் என்று முடிவு செய்தவள் நான்தான்.

மண்ணச்சநல்லூர் போகிற வழியில் ஒரு பழைய மரக்கடை இருக்கிறது. இடித்த கட்டடங்களின் நிலைகளும் கதவுகளும் அங்கே சுவரில் சாய்ந்து நிற்கும். ஓர் அரிசி ஆலையின் ஆபீஸை இடித்தபோது வந்த ஜன்னல் கதவுகளை அங்கே பார்த்தேன். மேலே நீலம். அது உரிந்த இடத்தில் பச்சை, பச்சைக்கும் அடியில் மஞ்சள். எத்தனையோ வருடங்களாக ஒன்றன்மேல் ஒன்றாக அடித்த பெயிண்ட். இந்த மாதிரி நிறம் கலந்த மரத்துக்குத்தான் இப்போது கிராக்கி, பெங்களூரிலிருந்தெல்லாம் வந்து அள்ளிக்கொண்டு போகிறார்கள் என்றார் கடைக்காரர். நானும் போனில் அப்படிப்பட்ட மேஜைகளையும் அலமாரிகளையும் பார்த்து ஆசைப்பட்டிருந்தேன்.

ஸ்ரீரங்கத்தில் எங்களுக்குத் தெரிந்த ஆசாரியிடம் மரத்தைக் கொடுத்தோம். அவர் பலகையை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, “குழந்தை படுக்கறதுங்க. ஒரு இழைப்பு இழைச்சுடறேன்” என்றார்.

“இழைச்சா கலர் போயிடுமே. கலருக்காகத்தான் வாங்கினதே.”

“அப்ப மேல வார்னிஷாவது ரெண்டு கோட்டு அடிச்சுடறேங்க.”

“வேணாங்க. அந்த வாடை அவளுக்கு ஆகாது.”

அவர் என் கணவரைப் பார்த்தார். என் கணவர் மேலே சுற்றிக்கொண்டிருந்த ஃபேனைப் பார்த்தார்.

கட்டில் அழகாகத்தான் வந்தது. வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் போட்டோ எடுத்தார்கள். கீழ்வீட்டு அக்கா மட்டும், “இந்த மாதிரி ஜன்னல் எங்க ஊர் வீட்டுல ரெண்டு கெடக்கு. சொல்லியிருந்தா நானே தூக்கிட்டு வந்து போட்டிருப்பேனே” என்று கிண்டல் செய்தார்.

ஒரு காலை தயிர் சாதம் ஊட்டும்போது மகளின் கீழுதட்டில் நீலமாக ஏதோ ஒட்டியிருந்தது. துடைத்தேன். உள்ளே பல்லிடுக்கிலும் நீலம் இருந்தது. கட்டிலருகே போய்க் குனிந்து பார்த்தேன். மேல் சட்டம் முழுவதும் வரிசையாகப் பல் தடம். நீலம் போய், பச்சை போய், ஓரிரு இடங்களில் மரமே தெரிந்தது. கடைவாய்ப் பல் முளைக்கிற நாட்கள் அவை. ஒரு நாளில் செய்கிற வேலையாக அது இல்லை.

தில்லைநகரில் நாங்கள் காட்டும் குழந்தை மருத்துவர் பொதுவாக என் பயங்களைச் சிரித்து அனுப்பிவிடுகிறவர். அன்று அவர் சிரிக்கவில்லை.

“பழைய பெயிண்ட்ல காரீயம் இருக்கும்மா. உடம்புக்குள்ள போகக் கூடாது. எத்தனை நாளா கடிக்கிறா?”

எனக்குத் தெரியவில்லை. எப்போது பால் குடித்தாள், எத்தனை முறை தும்மினாள் என்று நோட்டில் எழுதி வைப்பவள் நான். இது மட்டும் அதில் இல்லை.

ரத்தம் எடுத்துச் சென்னைக்கு அனுப்பினார்கள். முடிவு வர நான்கு நாள் ஆகும் என்றார்கள். காரீயம் குழந்தையின் மூளையைத் தொடும், பேச்சையும் படிப்பையும் தொடும் என்று போனில் படித்தேன். பசியின்மை, மலச்சிக்கல், எரிச்சல் என்று போட்டிருந்த அறிகுறிகள் எல்லாமே அவளிடம் இருந்தன. எந்தக் குழந்தையிடம்தான் இல்லை என்று அப்போது தோன்றவில்லை. அவளுக்குத் தெரிந்த பத்துப் பதினைந்து சொற்களையும் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருந்தேன். இரண்டாம் நாள் காலை அவள் ‘நிலா’ சொல்லவில்லை. திரும்பத் திரும்பக் கேட்டேன்.

“பட்டப்பகல்ல நிலாவைக் கேட்டா அவ என்ன பண்ணுவா? விடு” என்றார் கணவர். ஆனால் சற்று நேரம் கழித்து, அடுத்த அறையில் அவரே அவளிடம் மெதுவாக ‘நிலா எங்கே’ என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

ஆசாரிக்குப் போன் செய்தேன். எனக்குத் தெரியாமல் கொஞ்சமாவது இழைத்திருப்பார், வார்னிஷ் ஒரு கையாவது அடித்திருப்பார் என்று ஒரு நப்பாசை. விஷயத்தைச் சொன்னேன்.

“மேல் சட்டத்தை மட்டுமாவது இழைச்சிருக்கணும் மேடம். நீங்க ரொம்ப பயந்தீங்க. அதான் விட்டுட்டேன்.”

அவர் குற்றம் சாட்டவில்லை. தன்னைத்தான் நொந்துகொண்டார். எனக்கு அது இன்னும் தாங்க முடியாததாக இருந்தது.

முடிவு வந்தது. ரத்தத்தில் காரீயம் இருந்தது. மருந்து கொடுக்கிற அளவுக்கு இல்லை என்றார் மருத்துவர். கட்டிலை அப்புறப்படுத்தி, வீட்டை ஈரத் துணியால் துடைத்து, இரும்புச் சத்தும் கால்சியமும் கொடுத்து, மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். பின்னால் பாதிப்பு வருமா என்று கேட்டேன்.

“இப்ப சொல்ல முடியாதும்மா. வளர வளரத்தான் பார்க்கணும்.”

சுவர் அலங்காரத்துக்கு இந்த மரத்தைக் கேட்கிறவர் ஒருவர் இருக்கிறார் என்று ஆசாரி சொன்னார். அந்த வீட்டில் குழந்தை இருக்கிறதா என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. நான் கொடுக்கவில்லை. எரித்தால் காரீயம் புகையில் வரும், இழைத்தால் தூளில் வரும். தார்ப்பாயில் சுற்றிக் கட்டி மொட்டை மாடி அறையில் பூட்டி வைத்திருக்கிறோம். அதை என்ன செய்வது என்று எங்களுக்கு இன்றுவரை தெரியவில்லை.

போன வாரம் இரண்டாவது முடிவு வந்தது. அளவு இறங்கியிருக்கிறது. முழுவதும் போகக் காலமாகும் என்றார் மருத்துவர். சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து ஸ்ரீரங்கம் பஸ்ஸில் திரும்பினோம். காவிரிப் பாலத்தில் பஸ் ஊர்ந்தது. மடியில் நின்றிருந்த மகள் ஆற்றைப் பார்க்க எட்டி, ஜன்னல் கம்பியில் வாயை வைக்கப் போனாள். கம்பியில் பச்சை பெயிண்ட். சட்டென்று என் கையை நடுவில் கொடுத்தேன். அவள் அதையே கடித்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்தாள். வலித்தது. பாலம் முடியும்வரை நான் கையை எடுக்கவில்லை.