பதினோரு மனைகளும் ஒரு வளைந்த தெருவும்

லோர்னா ஹெக்லண்டும் நானும் கனடாவின் எட்மன்டனில் ஒரே அறையில் உட்கார்ந்து பன்னிரண்டு வருடம் மனைப்பிரிவு வரைந்தோம். இது எண்ணெய் விலை ஏறி ஊர் பெருத்துக்கொண்டிருந்த எழுபதுகளின் கடைசியில் நடந்தது. ஊரைச் சுற்றியிருந்த கோதுமை வயல்கள் ஒவ்வொன்றாக எங்கள் மேசைக்கு வந்தன. தெரு எங்கே திரும்பும், எந்த மனையின் கொல்லைப்புறம் எதனோடு முட்டும் என்பதையெல்லாம் பென்சிலால் தீர்மானித்தோம்.

லோர்னாவுக்கு அப்போது நாற்பத்து மூன்று வயது, தனியாள். ஒரு தெருவை வரைந்து முடித்ததும் அதன்மேல் விரலை மெல்ல நகர்த்திப் பார்ப்பாள்.

"என்ன பண்றே?" என்று ஒருமுறை கேட்டேன்.

"பால் வாங்கப் போறேன். கடைக்கு ரொம்பச் சுத்து."

அன்று மாலைக்குள் இரண்டு மனைகளுக்கு நடுவே ஒரு நடைபாதை முளைத்துவிட்டது.

சவ்ச்சுக் குடும்பத்தின் நூற்றறுபது ஏக்கரை அவள்தான் வரைந்தாள். குளிர்காலம், நிலம் பனிக்கடியில் கிடந்தது. வரைபடத்துக்கு ஒப்புதல் கிடைத்து, மனை எல்லைகளுக்கு முளைக்குச்சிகளும் அடித்தாகிவிட்டது. ஏப்ரலில் பனி உருகியதும், "ஒரு நடை பார்த்துட்டு வரலாம்" என்று என்னையும் கூட்டிக்கொண்டு போனாள்.

வடகிழக்கு மூலையில் பதினோரு மனைகள் இருக்கவேண்டிய இடத்தில் தண்ணீர் நின்றது. முளைக்குச்சிகளின் நுனி மட்டும் வெளியே தெரிந்தது. நிலத்தை விற்ற ஓல்கா சவ்ச்சுக் இன்னும் பழைய வீட்டில்தான் இருந்தார். எங்களைப் பார்த்து இறங்கி வந்தார்.

"யாருக்கு வீடு கட்டப்போறீங்க? வாத்துக்கா?"

லோர்னா சிரிக்கவில்லை. "வருஷா வருஷம் இப்படித்தானாங்க?"

"நாலஞ்சு வருஷத்துக்கு ஒருதடவை. அப்ப எங்க வீட்டுக்காரர் டிராக்டரை இழுக்க இன்னொரு டிராக்டர் வேணும்."

"விக்கும்போது ஏன் சொல்லலை?"

"யாராவது கேட்டீங்களா? கேட்டிருந்தா காபியும் குடுத்துச் சொல்லியிருப்பேனே!"

திரும்பும் வழியில், "சர்வே எடுத்தவங்க தப்பு, உன் தப்பில்லை" என்றேன்.

அவள் சாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "சர்வே சரியாத்தான் இருந்துச்சு. அது பள்ளம்னு எனக்கு அப்பவே தெரியும். குழாய் போட்டா வடிஞ்சிடும்னு எழுதிக் குடுத்தது நான்தான். பதினோரு மனையை விட மனசு வரலை."

மறுநாள் எங்கள் மேலாளர் கிளிஃபர்டிடம் போனாள். கதவு திறந்தே இருந்ததால் எனக்கு எல்லாம் கேட்டது.

"மண்ணைக் கொட்டி மேடாக்கிடலாம் லோர்னா. எல்லாரும் அதைத்தானே பண்றாங்க?"

"மேடாக்கலாம். அந்தத் தண்ணி அடுத்த வரிசை வீட்டுக்குள்ள போகும்."

"ஒப்புதல் வாங்கியாச்சும்மா."

"நகராட்சிக்கு நானே எழுதிடுவேன். நீங்க எழுதினா கம்பெனிக்கு நல்லது."

மூன்றாம் நாள் கிளிஃபர்டே நகராட்சிக்கு எழுதினார்.

லோர்னா மூன்று வாரத்தில் மாற்றி வரைந்தாள். தெரு பள்ளத்தைச் சுற்றி வளைந்தது. பள்ளம் குளமாகவும் புல்வெளியாகவும் ஆனது. பதினோரு மனையும் போனது. ஓல்காவிடம் நிலத்தை வாங்கி மனைகளாகப் பிரித்து விற்ற முதலாளி, இனி தன் வேலை எதிலும் அந்தப் பெண் கை படக்கூடாது என்று சொல்லிவிட்டார். கிளிஃபர்ட் அவளைப் பின்னறைக்கு மாற்றினார். மற்றவர்கள் வரைந்ததைச் சரிபார்ப்பது வேலை. "பென்சிலைப் பிடுங்கிட்டு அழிக்கிற ரப்பரைக் குடுத்திருக்காங்க" என்று என்னிடம் சொன்னாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அந்தக் கோடை முழுவதும் மதியச் சாப்பாட்டுக்கு அவள் எங்களோடு வரவில்லை.

மூன்று வருடம் கழித்து அந்த வளைவில் நான் ஒரு வீடு வாங்கினேன். அந்த வசந்தத்தில் பனி ஒரேயடியாக உருகிக் குளம் விளிம்புவரை நிரம்பியது. தெருவில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. பேச ஒன்றும் நடக்கவில்லை.

அடுத்த ஜனவரியில் லோர்னா என் வீட்டுக்கு விருந்துக்கு வந்தாள். பக்கத்து வீட்டு டெல்மர் வாசலில் பனியை அள்ளிக்கொண்டிருந்தார். பனி தள்ளும் வண்டி வளைவில் திரும்பும்போதெல்லாம் அவர் வாசலில்தான் குவித்துவிட்டுப் போகும்.

"எந்த முட்டாள் வரைஞ்சானோ இந்தத் தெருவை!" என்றார்.

"நான்தான்" என்றாள் லோர்னா. "இருபது அடி முன்னாடியே திருப்பியிருக்கணும். அவசரத்துல விட்டுட்டேன்."

டெல்மர் அதை நகைச்சுவை என்று நினைத்துச் சத்தமாகச் சிரித்தார். அவளோ சிரிக்காமல் தெருவின் நடுவில் போய் நின்று, கையுறை போட்ட விரலால் காற்றில் ஒரு கோடு இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். சூப் ஆறுகிறது என்று நான் இரண்டு தடவை கூப்பிட வேண்டியிருந்தது.