மலைக்கு முதுகெலும்பு கொண்டுபோன கதை

தன்னம்பிக்கை வகுப்பு எடுக்கிறவனுக்குத் தன்னம்பிக்கை இருந்தாக வேண்டும் என்று எந்த விதியிலும் இல்லை. அதனால்தான் எனக்கு இந்த வேலை கிடைத்தது. ஒப்பந்த வேலையில் காலம் தள்ளுகிறவர்களுக்கு இது புரியும். கொல்லிமலை மகளிர் குழுக்களுக்கு நிற்கவும் நடக்கவும் பேசவும் கற்றுக்கொடுக்கத் திட்ட அலுவலகத்தில் என்னை அனுப்பியிருந்தார்கள். மாதக் கடைசியில் பெரிய அதிகாரி வருவார். அவருக்குப் பிடித்தால் ஒப்பந்தம் நீளும், இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். வீட்டில் அடுப்பு எரிந்தது இந்தச் சம்பளத்தை நம்பித்தான்.

நெஞ்சை நிமிர்த்து

மலையில் சில ஊர்கள் சேர்ந்தால் அது ஒரு நாடு; எனக்குக் கிடைத்த தேவனூர் நாட்டில் எல்லாரும் லேசாக முன்னால் சாய்ந்தே நடந்தார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. ஒருநாள் வகுப்பை மேட்டுப் பாதைக்கே கொண்டுபோய், தோள் பின்னால், நெஞ்சு முன்னால், பார்வை வானத்தில் என்று நடந்து காட்டினேன். முந்தின நாள் மழை பெய்திருந்தது. மல்லாக்க வழுக்கி மரவள்ளிக் காட்டுக்குள் போய்ச் சேர்ந்தேன்.

குழுத் தலைவி பாப்பாத்தி ஓடிவந்து எட்டிப் பார்த்தார். அவர் சிரித்திருந்தால்கூடத் தேவலை. மற்றவர்களைக் கூப்பிட்டு மெச்சிக்கொண்டார்: "பாத்துக்குங்க புள்ளைங்களா, உளுந்துங்கூட சாரு நெஞ்ச நிமுத்திக்கிட்டுத்தான் கெடக்கறாரு!"

கண்ணைப் பார்த்துப் பேசு

பாப்பாத்தியின் கணவர் பெரியசாமி ஜீப் ஓட்டுபவர். மனைவியை அழைத்துப்போக வரும்போது கடைசி வரிசையில் உட்கார்ந்து பாடம் கேட்பார். ஒருநாள் அவர் ஜீப்பில் பேளுக்குறிச்சிச் சந்தைக்கு இறங்கிக்கொண்டிருந்தோம். சும்மா இருக்காமல், "இந்த வருஷம் பலா எப்படி?" என்று கேட்டுவைத்தேன்.

மனிதர் முழுசாக என் பக்கம் திரும்பி, கண்ணுக்குள் பார்த்து, ஆற அமர விளக்க ஆரம்பித்தார். எதிரே கொண்டை ஊசி வளைவு. "ரோட்டைப் பாருங்க!" என்று அலறினேன். வளைத்துத் திருப்பிவிட்டு, மனத்தாங்கலோடு சொன்னார்: "கண்ணப் பாக்காமப் பேசுனா பொய்யின்னு நெனப்பாங்கன்னு நீங்கதானுங்க சொன்னீங்க. பலா நெசமாலுமே நல்லாக் காச்சிருக்குதுங்க சார்."

அதிகாரி வந்த நாள்

காலையில் வர வேண்டிய அதிகாரி மத்தியானம் தாண்டித்தான் வந்தார். வகுப்பு நடக்கும் கூடத்தில் ஒருத்தரும் கை கட்டவில்லை, தலை குனியவில்லை. முதுகு நேராக நின்று அவர் கண்ணையே பார்த்தார்கள். பாப்பாத்தி பளிச்சென்று கேட்டார்: "ஏனுங்க, இத்தன நேரங்கழிச்சு வாரீங்களே, காட்டுல எங்க மொளக ஆருங்க பறிக்கறது?"

எனக்குப் பெருமையில் கண் கலங்கிவிட்டது, பொய் சொல்லவில்லை. ஆனால் அதிகாரியின் முகம் சுருங்கியதைப் பார்த்ததும் ஒப்பந்தம் ஞாபகத்துக்கு வந்தது. நான் சொல்லாமலே என் கைகள் மார்பில் கட்டிக்கொண்டன. முதுகு வளைந்தது. "தப்புதாங்க சார், தெரியாம கேட்டுட்டாங்க சார்" என்று அவர் முழங்கை உயரத்துக்குக் குனிந்து குழைந்தேன். கூடமே என்னைப் பார்த்தது. பாப்பாத்தி பதறிப்போய்க் கிட்டே வந்தார்: "ஏனுங்க சார், இப்பிடிக் குறுகிப்போயி நிக்கறீங்களே, குளுரு சொரமுங்களா?"

ஒப்பந்தம் நீண்டுவிட்டது, அதிகாரிக்குத் திருப்தியாக அன்று அந்தக் கூடத்தில் வளைந்த முதுகு என்னுடையது ஒன்றுதான்.