அடைப்புக்குறி அம்மா எழுதாமல் விட்ட கைதட்டல்

என் பெரியம்மா நகர்மன்றத்தில் சுருக்கெழுத்தர். அதே அறையில் நான் தட்டச்சர். அங்கே யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, 'அடைப்புக்குறி அம்மா'தான். ஒவ்வொரு பேச்சு முடிந்ததும் அடைப்புக்குறி போட்டு, அவை அதை எப்படி ஏற்றது என்று எழுதுவது அவர் பொறுப்பு. நாலு பேர் தட்டினால் 'கைதட்டல்'. அவை முழுக்கத் தட்டினால் 'கரவொலி'. மேசையும் சேர்ந்து அதிர்ந்தால் 'பலத்த கரவொலி'. தலைவர் பேச்சுக்கே வெறும் 'கைதட்டல்' போட்டு வாங்கிக் கட்டிக்கொண்டவர். "நான் அளந்துதான் போடுவேன். கேக்குறவங்களுக்கெல்லாம் அள்ளி விட இதென்ன கொசுறா?" என்பார். இருபது வருஷ வீறாப்பு. எனக்கே சில நாள் எரிச்சல் வரும்.

எழுதும்போது தலை நிமிரமாட்டார். நிமிர்ந்தால் நாலு சொல் ஓடிவிடும் என்று காதை மட்டும் நம்பினார். அதுதான் வினையாயிற்று.

வியாழக்கிழமை காலை, காதுகேளாதோர் பள்ளித் தலைமையாசிரியை எங்கள் அறைக்கு வந்தார். பள்ளிக் கட்டடத்தை இடித்து வண்டி நிறுத்தும் இடமாக்கத் திட்டம். வேண்டாம் என்று முந்தின நாள் மன்றத்தில் கெஞ்சிப் பேசியவர். கையில் அந்தப் பேச்சின் பிரதி. கடைசி வரியைத் தொட்டுக் காட்டினார். '(அவையில் அமைதி.)'

"எங்க பிள்ளைங்க, பெத்தவங்க, இருநூறு பேர் மேல் மாடத்துல நின்னு கைதட்டினாங்களேம்மா."

"எனக்கு ஒரு சத்தமும் கேக்கலையே."

தலைமையாசிரியை இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி, விரல்களை விரித்து ஆட்டினார். "அவங்க இப்படித்தாம்மா தட்டுவாங்க."

பெரியம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. மன்றத்துக்கே வராத மூன்று பேர் குழுதான் கட்டடத்தின் கதியை முடிவு செய்யும். அவர்கள் படிப்பது இந்தக் குறிப்பை மட்டும்தான். அமைதி என்றிருந்தால், யாருக்கும் அக்கறையில்லை போலிருக்கிறது என்று இடிக்கச் சொல்லிவிடுவார்கள். பதினோரு மணிக்குச் செயலாளர் கையெழுத்துப் போட்டுவிட்டால் ஒரு புள்ளியைக்கூட மாற்ற முடியாது. அப்போது மணி பத்தே முக்கால்.

பெரியம்மா மாடிப்படியில் ஓடி நான் பார்த்ததில்லை. அன்று ஓடினார். பின்னாலேயே நானும்.

செயலாளர் பேனாவைத் திறந்துவிட்டிருந்தார். "சத்தம் வந்துச்சா?"

"இல்ல சார்."

"அப்ப எப்படிம்மா கரவொலின்னு போடுறது? இன்னிக்கு இவங்களுக்கு மாத்தினா, நாளைக்குத் தலைவரும் வந்து நிப்பாரு. நீங்களே விடுவீங்களா?"

அவர் போட்ட சட்டம் அவர் கழுத்தையே பிடித்தது.

"கரவொலின்னு போடல சார். நடந்ததை எழுதுறேன். தப்பு என்னுதுன்னும் எழுதுறேன்."

"உங்க பணிப் பதிவேட்டுல கறை விழும். ஓய்வுக்கு ரெண்டு வருஷம்தானே இருக்கு? யோசிச்சுக்கங்க."

பெரியம்மா குறிப்பை வாங்கினார். இரண்டு முறை அடித்து எழுதினார்.

'(மாடத்திலிருந்த இருநூறு பேரும் எழுந்து நின்று, கைகளை உயர்த்தி அசைத்துப் பாராட்டினர். சுருக்கெழுத்தர் குனிந்திருந்ததால் பார்க்கவில்லை.)'

செயலாளர் அதன் கீழ் கையெழுத்துப் போட்டார். கீழே படியடியில் தலைமையாசிரியை காத்திருந்தார். நான் தலையாட்டியதும், பெரியம்மாவைப் பார்த்து இரண்டு கைகளையும் தூக்கி ஆட்டினார். இந்த முறை பெரியம்மா பார்த்தார். பொலபொலவென்று கண்ணீர் கொட்டியது. ஓடிப்போய் அந்தக் கைகளைப் பிடித்துக் கீழே இறக்கினார்.

"இப்ப வேணாம்மா. திங்கக்கிழமை குழு கூடட்டும். முதல்ல கட்டடம் நிக்கட்டும்."