ஜங்க் ஃபோல்டரில் கிடந்த ஆஃபர் லெட்டர்

புதன்கிழமை காலை நான் பல்கூடத் துலக்கவில்லை, போன் அடித்தது. இப்ராஹிம் பாய்.

"ஏம்பா குமாரு, என்னாப்பா பண்ணி வச்சிருக்க? மெயிலே வர்ல. கம்பெனிக்காரன் அனுப்பிட்டேன் அனுப்பிட்டேன்றான். இங்க ஒண்ணுத்தையும் காணோம்."

"எல்லா மெயிலும் வர்லியா பாய், அந்தக் கம்பெனி மெயில் மட்டும் வர்லியா?"

"அது தெரிஞ்சா உனக்கு எதுக்குப் போன் போடறேன்? சீக்கிரம் வாப்பா. ஆளு வந்து உக்காந்துனு இருக்கான்."

பாய்க்குச் சொந்த ஊர் கோட்டக்குப்பம். ஆபீஸ் மட்டும் மரக்காணத்தில், இ.சி.ஆர். ஓரமாக. வளைகுடா கம்பெனிகளுக்கு முறையாக ஆள் அனுப்புகிற ஆபீஸ். நான் கிளியனூரில் இருந்துகொண்டு இந்தப் பக்கத்துச் சின்னச் சின்ன ஆபீஸ்களுக்கு மெயில் சர்வரும் நெட்வொர்க்கும் பார்ப்பவன். வயது ஐம்பத்தாறு. இந்தத் தொழிலில் யாரும் சந்தோஷமாகப் போன் செய்து நான் பார்த்ததில்லை. எல்லாம் ஓடினால் நம்மை மறந்துவிடுவார்கள். நின்றால்தான் நம் நம்பர் ஞாபகம் வரும்.

அதற்கு மூன்று நாள் முன்னால், ஞாயிற்றுக்கிழமை, அந்த ஆபீஸின் மெயில் சர்வரை அப்கிரேட் செய்திருந்தேன். பழைய வெர்ஷனில், குப்பை மெயிலைப் பிடிக்கும் ஸ்பேம் ஃபில்டர் ஒரு பட்டியலை வைத்துக்கொண்டு வேலை செய்யும். பட்டியலில் உள்ள வார்த்தை இருந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும். புதிய ஃபில்டர் அப்படியில்லை. எது குப்பை, எது நல்லது என்று நாம் காட்டிக்கொடுக்க வேண்டும், அது பார்த்துப் படித்துக்கொள்ளும். இதற்கு டிரெய்னிங் என்று பெயர். கையேட்டில் இரண்டே வரிதான் போட்டிருந்தான். ஜங்க் ஃபோல்டரைக் குப்பை என்று காட்டு, இன்பாக்ஸை நல்லது என்று காட்டு. நானும் அப்படியே காட்டினேன். கால் மணி நேரம்கூட ஆகவில்லை. ஒரு டெஸ்ட் மெயில் அனுப்பினேன், வந்து சேர்ந்தது. டீ குடித்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

புதன்

ஆபீஸில் சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். பெயர் ஏழுமலை. மரக்காணம் உப்பளத்தில் வேலை. முன்பு ஆறு வருஷம் வளைகுடாவில் கட்டடத்துக்குச் சாரம் கட்டியவர். அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்று ஊருக்கு வந்து, அம்மா போனபிறகு மறுபடி உப்பு வாரப் போய்விட்டவர். இப்போது ஒரு கம்பெனி இன்டர்வியூவில் அவரை எடுத்திருக்கிறது. ஆஃபர் லெட்டர் பாயின் ஆபீஸ் மெயிலுக்கு வரும். கையெழுத்துப் போட்டு ஸ்கேன் செய்து திருப்பி அனுப்ப வேண்டும். அதற்காகத் திங்கட்கிழமையிலிருந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்.

"எனக்கு அடுத்த மாசம் நாப்பத்தஞ்சு முடியுது சார். அதுக்கு மேல போனா அந்தக் கம்பெனில எடுக்கமாட்டாங்க. வேற எவனும் எடுக்கமாட்டான்," என்றார். பிறகு செருப்பிலிருந்து காலை எடுத்துக் காட்டினார். குதிகால் முழுக்க வெடிப்பு, வெடிப்புக்குள் வெள்ளையாக இருந்தது. "இந்தக் காலு இன்னும் எத்தினி வருஷம் பாத்தில நிக்கும், சொல்லுங்க."

"பாத்துடலாம்" என்றேன். எங்கள் தொழிலில் ஒன்றும் புரியாதபோது சொல்கிற வார்த்தை அது.

கடலோரத்தில் வேலை பார்ப்பவனுக்கு ஒரு வியாதி உண்டு. எது கெட்டாலும் உப்புக்காற்று மேல் பழியைப் போடுவான். பொய்யும் இல்லை. இங்கே நெட்வொர்க் கேபிளின் கனெக்டரைக் கழற்றிப் பார்த்தால் பின் எல்லாம் பச்சையாகக் களிம்பு ஏறியிருக்கும். பத்துத் தடவை கூப்பிட்டால் எட்டுத் தடவை அதுதான். அன்றைக்கும் கேபிள் எல்லாம் வந்து சேரும் நெட்வொர்க் ஸ்விட்சைத் திறந்தேன், களிம்பு இருந்தது. எனக்கு அது போதும். ஸ்விட்சை மாற்றினேன். நாலு கேபிளுக்குப் புதுக் கனெக்டர் அடித்தேன். டெஸ்ட் மெயில் அனுப்பினேன், வந்தது.

பாயிடம் வேலை பார்க்கும் ஷாகிராதான் அந்த ஆபீஸின் மெயில் எல்லாம் கவனிப்பவர். முப்பது வயது இருக்கும், வேலையில் கெட்டி. நான் பையை மூடும்போது அவர் கேட்டார்.

"சார், ரெண்டு நாளா லாட்டரி விழுந்துச்சு, பரிசு விழுந்துச்சுன்னு மெயிலா வருது. முன்ன இந்த மாதிரி வராதே?"

"அது கெடக்குது, அழிச்சிடும்மா," என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன். விஷயத்தை அந்தப் பெண் என் கையிலேயே கொடுத்திருக்கிறார். நான் வாங்கிக்கொள்ளவில்லை.

வியாழன்

மறுநாள் திண்டிவனத்தில் ஒரு கல்லூரியில் வேலை. பதினோரு மணிக்குப் பாய் போன் செய்தார்.

"இன்னும் வர்லப்பா. அங்க கேட்டா திங்கக்கெழமையே அனுப்பியாச்சு, மெயில் பாருன்னு போன வச்சிட்றான்."

கல்லூரி வராண்டாவில் நின்றபடியே என் போனில் சர்வர் லாகைத் திறந்தேன். லாக் என்பது வந்தது போனதையெல்லாம் சர்வர் வரிவரியாக எழுதி வைப்பது. அந்தக் கம்பெனியின் பெயர் திங்கட்கிழமை காலையிலேயே இருந்தது. பக்கத்தில் டெலிவர்ட் என்று இருந்தது. எனக்கு அப்பாடா என்று ஆகிவிட்டது. என் சர்வர் வாங்கிவிட்டது, அப்படியென்றால் தப்பு என்னுடையது இல்லை.

"பாய், மெயில் வந்து சேந்துடுச்சு. உங்க ஆபீஸ் பொண்ணு தெரியாம அழிச்சிருக்கும். பாக்கச் சொல்லுங்க."

அந்த லாக் வரி போன் திரையைத் தாண்டி நீளம். விரலால் கொஞ்சம் தள்ளியிருந்தால் கடைசியில் எந்த ஃபோல்டரில் போய் விழுந்தது என்பதும் தெரிந்திருக்கும். தள்ளவில்லை. என் மேல் தப்பில்லை என்று தெரிந்ததும் அதற்குமேல் படிக்கத் தோன்றவில்லை. பாய் அன்று ஷாகிராவைக் கண்டபடி திட்டியிருக்கிறார். அந்தப் பெண் சாயங்காலம் வரை அழித்த மெயில்களை எல்லாம் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்திருக்கிறார். ஏழுமலை எதிரில் உட்கார்ந்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும்.

வெள்ளி

நான் போனபோது பாய் ஜும்மா தொழுகைக்குப் போயிருந்தார். ஷாகிராவும் ஏழுமலையும்தான் இருந்தார்கள். ஷாகிராவின் கண் வீங்கியிருந்தது.

"நான் அழிக்கல சார். அல்லா மேல ஆணையா அழிக்கல."

"சரிம்மா, நீ எப்பவும் எப்படி வேல பாப்பியோ அப்படியே பாரு. நான் பின்னால நிக்கிறேன்."

முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலை இது. ஷாகிரா மெயிலைத் திறந்தார். போன வாரமே வந்த டிக்கெட் மெயில் ஒன்று இன்பாக்ஸில் இருந்தது. படித்தார், பிரின்ட் எடுத்தார், நோட்டில் குறித்தார். பிறகு சர்வ சாதாரணமாக ஜங்க் பட்டனை அழுத்தினார். மெயில் இன்பாக்ஸிலிருந்து மறைந்தது.

"ஏம்மா, அத எதுக்கு அங்க தள்றே?"

"இது முடிஞ்சிடுச்சில்ல சார்? முடிஞ்சதெல்லாம் அங்கதான் வைப்போம்."

மேஜை மேல் ஒரு மரக்கட்டையில் நட்ட கம்பி இருந்தது. வேலை முடிந்த ரசீது, டோக்கன் எல்லாம் அதில் குத்தி வைத்திருந்தார்கள். ஷாகிரா அதைக் காட்டினார்.

"பேப்பரா இருந்தா கம்பில குத்திடுவோம். மெயிலுக்குக் கம்பி இதான். எனக்கு முன்னாடி இருந்த அக்கா அப்படித்தான் சொல்லிக் குடுத்தாங்க. ஒரு தட்டு தட்டுனா போயிடுது, வேணும்னா திரும்ப எடுத்துக்கலாம், அழியவும் அழியாது."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நிஜமான குப்பை மெயில்களைப் பழைய ஃபில்டர் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டது. ஜங்க் ஃபோல்டருக்குள் ஒரு குப்பைகூட வந்ததில்லை. அங்கே இருந்தது முழுக்க ஆஃபர் லெட்டர், விசா, மெடிக்கல், டிக்கெட். ஆறு ஏழு வருஷத்து வேலை. அதைத்தான் நான் ஞாயிற்றுக்கிழமை புதிய ஃபில்டருக்குக் காட்டி, இதெல்லாம் குப்பை, இந்த மாதிரி வந்தால் தள்ளு என்று சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அது ஒழுங்காகப் படித்துக்கொண்டு, சொன்னதைச் செய்திருக்கிறது. லாட்டரி மெயிலைப் பற்றி அதற்கு யாரும் சொல்லவில்லை, உள்ளே விட்டுவிட்டது.

ஜங்க் ஃபோல்டரைத் திறக்கச் சொன்னேன். மேலே திறக்காத மெயில்கள் ஒன்பது. அந்த ஒன்பதில் கீழிருந்து இரண்டாவது ஏழுமலையின் லெட்டர். கையெழுத்திட்ட நகல் வியாழன் மாலைக்குள் வந்து சேர வேண்டும் என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தது.

"இங்க பாக்கணும்னு தோணலியாம்மா?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"முடிஞ்சது கெடக்குற எடத்துல புதுசு எப்படி சார் இருக்கும்?"

ஏழுமலை எழுந்து வந்து எங்கள் பின்னால் நின்றார். "கெடச்சுடுச்சா சார்?"

"கெடச்சுது."

"எப்ப வந்துச்சு?"

"திங்கக்கெழம."

அவர் கம்ப்யூட்டரையும் நாற்காலியையும் மாறி மாறிப் பார்த்தார். "திங்கக்கெழமலேருந்து இங்கதான சார் உக்காந்துனு இருக்கேன். அது இதுக்குள்ளயேவா இருந்துச்சு?"

கோபமாகக் கேட்டிருந்தால் நான் தாங்கியிருப்பேன். அவர் நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். புதன்கிழமை நான் ஸ்விட்சைக் கழற்றிக்கொண்டிருந்தபோது இன்னும் ஒரு முழு நாள் மீதியிருந்தது.

அப்போதே கையெழுத்து வாங்கி, ஸ்கேன் செய்து, தாமதத்துக்கு எங்கள் ஆபீஸ்தான் காரணம் என்று எழுதி அனுப்பினோம். அங்கே வெள்ளி, சனி லீவு. சனிக்கிழமை முழுக்க நான் ஃபில்டர் படித்ததை எல்லாம் அழித்தேன், தானாகப் படிக்கும் செட்டிங்கை நிறுத்தினேன், 'முடிந்தது' என்று புது ஃபோல்டர் போட்டு மெயில்களை அதற்கு மாற்றினேன். பழைய பட்டியலைத் தேடி எடுத்துப் புதிய ஃபில்டரில் ஏற்றினேன். ஒவ்வொரு மெயிலிலும் ஒரு ஆள் பெயர் இருந்தது. மாற்றி முடிக்கும்போது முதுகு விட்டுப்போயிற்று.

ஞாயிறு

பாய் ஸ்பீக்கரில் போட்டுப் பேசினார். அந்தப் பக்கம் பேசியவர் மலையாளி, தமிழ் நன்றாகப் பேசினார். வியாழன் மாலையோடு லிஸ்டை மூடிவிட்டார்கள், அடுத்த ஆளுக்குக் கொடுத்தாகிவிட்டது, தான் ஒன்றும் செய்ய முடியாது என்றார். பாய் கெஞ்சினார். அவர் கெஞ்சி நான் அதற்கு முன் கேட்டதில்லை.

போனை வைத்ததும் ஷாகிரா பக்கம் திரும்பினார். "எவ்ளோ பெரிய வேல பண்ணி வச்சிருக்க பாத்தியா? கண்ட எடத்துல மெயில தள்ளிட்டு, ஒரு குடும்பத்தையே கெடுத்துட்ட. நாளையிலேருந்து வேலைக்கு வர வேணாம்."

நான் உடனே வாயைத் திறக்கவில்லை. ஜங்க் ஃபோல்டரில் ஜங்க் இருக்கும் என்று நினைத்தது ஒரு குற்றமா என்று என் மனசு எனக்கு வக்காலத்து வாங்கிக்கொண்டிருந்தது. அப்படிச் சும்மா நின்றதற்காக இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

"பாய், இந்தப் பொண்ணு மேல தப்பில்ல," என்றேன். "ஷாகிரா இத்தினி வருஷமா அப்படித்தான் வச்சிருந்தது, ஒண்ணும் கெடல. உள்ள என்னா இருக்குதுன்னு பாக்காமலே அந்த மெஷினுக்குக் குப்பைன்னு சொல்லிக் குடுத்தது நான். புதன்கெழம சும்மா ஸ்விட்ச மாத்துனதும் நான். ஷாகிரா அழிச்சிருக்கும்னு உங்ககிட்ட சொன்னதும் நான்."

பாய் என் பக்கம் திரும்பினார். "இத வியாழக்கெழமயே பாத்துச் சொல்லியிருக்கணும்பா நீ," என்றார். ஷாகிராவிடம் மட்டும், "போய் ஒக்காரும்மா," என்றார்.

ஏழுமலை தன் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கேட்டு வாங்கினார். மஞ்சள் பையில் வைத்துச் சுருட்டினார். போகும்போது என் பக்கத்தில் நின்றார்.

"சார், அந்த மெஷினு இப்ப சரியாயிடுச்சா?"

"சரியாயிடுச்சுங்க."

"இனிமே வர்றவங்களுக்காச்சும் வரட்டும்," என்று சொல்லிவிட்டு இறங்கி நடந்தார். நான் அவரிடம் மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை.

தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஃபோல்டருக்குக் கம்பெனிக்காரன் ஒரு பெயர் வைத்திருப்பான். அதில் என்ன இருக்கிறது என்பது அங்கே தினமும் உட்கார்ந்து வேலை பார்ப்பவருக்குத்தான் தெரியும். இப்போது எந்த ஆபீஸுக்கு அப்கிரேட் போடப் போனாலும் முதலில் அவர் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து கேட்கிறேன்: "வேல முடிஞ்ச மெயில எங்க வைப்பீங்க?" சிரிக்கிறார்கள். ஒரு உப்பு வியாபாரி ஆபீஸில் எல்லாவற்றையும் டிராஃப்டில் வைத்திருந்தார்கள். ஒரு பள்ளிக்கூடத்தில் முக்கியமான கடிதமெல்லாம் டிராஷில்தான், அங்கேதான் யாரும் கை வைக்கமாட்டார்கள் என்று ஹெட்கிளார்க் விளக்கம் சொன்னார். கேட்க அரை நிமிஷம் ஆகிறது. அதனால் இப்போது எத்தனையோ பேர் தப்பிக்கிறார்கள். ஏழுமலைக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை.