சகலைக்குப் போட்டியாகக் கழற்றிய ஸ்பிரிங்

தன் பழைய ஸ்போர்ட்ஸ் காரின் தேய்ந்துபோன சஸ்பென்ஷனைத் தானே பிரித்துப் புதுசாக்கிவிட்டதாக, காரியாபட்டியில் இருக்கும் என் சகலை ஒரு விருந்தில் சொன்னார். போதாததற்கு என் மனைவி, "அத்தான் கை வச்ச பெறகு வண்டி என்னமா மெதக்குது!" என்றாள்.

எனக்கு வயிறு எரிந்தது. அவர் வாங்கினாரே என்று நானும் அதேபோல ஒரு பழைய கார் வாங்கி வைத்திருப்பவன். மறுநாளே சிவகாசியில், வீட்டை ஒட்டிய நான் காலண்டர் தயாரிக்கும் ஷெட்டில் காரை ஜாக்கியில் ஏற்றினேன். சஸ்பென்ஷனில் இருக்கும் ஸ்பிரிங் தெறித்துவிடாமல் அமுக்கிப் பிடிக்கத் தனிக் கருவி வேண்டுமாம். நான் காலண்டர் பண்டல் கட்டும் பிளாஸ்டிக் பட்டையால் அதை இறுக்கிக் கட்டிவிட்டு நட்டைக் கழற்றினேன்.

பட்டை அறுந்தது. ஸ்பிரிங் என் காதை உரசிக்கொண்டு பறந்து, தகரக் கூரையைப் பொத்துக்கொண்டு போனது. தலை இருக்கிறதா என்று தடவியபடியே தெருமுனை வரை ஓடிவிட்டேன்.

பின்னாலேயே ஓடி வந்த மனைவி, "காலண்டர் ஆர்டர் பத்தாதுன்னு ராக்கெட் ஆர்டரும் எடுத்துட்டீகளாக்கும்?" என்றாள். சொல்லிக்கொண்டே என் காதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

இப்போதெல்லாம் அந்த வேலையை ஒர்க்‌ஷாப்பில்தான் கொடுக்கிறேன். மெக்கானிக் முடித்ததும் அவருடைய ஸ்பானரை வாங்கிப் பிடித்தபடி ஒரு போட்டோ எடுத்து, சகலைக்கு அனுப்புவதோடு சரி.