அந்திரிக்குக் கழித்த நாவூறு

எங்கள் குடும்பத்தில் உதைபந்தாட்டம் என்றால் மாமா வைத்ததுதான் சட்டம். நோர்வேயில் எங்கள் வீட்டுக்குக் கிட்ட இருந்த பியோர்ண்டால் மைதானத்தில் மட்ச் நடந்தால், கோட்டுக்கு வெளியே நின்று நடுவரைவிட அதிகம் ஓடுகிறவர் அவர். மாமா ஊரில் எந்த அணிக்கு விளையாடினார் என்று கேட்டால், "விளையாடினவர், விளையாடினவர்" என்று அம்மா சிரித்துக்கொண்டே போய்விடுவார்.

அந்த மாமாவே வாயை மூடிக்கொண்டு பார்த்தது அந்திரியின் ஆட்டத்தைத்தான். எங்கள் மேல்வீட்டு உக்ரைன்காரப் பெடியன். பதினைந்து வயது, நடுக்களத்தில் விளையாடுவான். அவன் தாயும் என் அம்மாவும் ஒரே இடத்தில் துப்புரவு வேலை செய்தார்கள். இருவரும் அரைகுறை நோர்வேஜிய மொழியில் கதைகதையாகக் கதைப்பார்கள். தாயும் மகனும் அகதி விண்ணப்பத்துக்குப் பதிலை எதிர்பார்த்திருந்தது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். எட்டு வயதில் எனக்கு அது பஸ்ஸுக்குக் காத்திருப்பது மாதிரி ஒரு விஷயம்.

ஒரு சனிக்கிழமை, பெரிய கிளப் ஒன்று அவனை விளையாடவிட்டுப் பார்க்கக் கூப்பிட்டிருந்தது. மாமா காரில் கூட்டிப்போவதாக ஏற்பாடு.

"கிளப் எடுத்திட்டுதெண்டால் பிறகு இவங்களை ஆர் திருப்பி அனுப்பப் போறான்?" என்றார் மாமா, அரசாங்கமே தன் கையில் இருப்பதுபோல.

"சும்மா வாய் வையாதேங்கோ அண்ணை. ஏற்கெனவே எல்லாற்றை கண்ணும் பெடியன்ரை காலிலைதான்" என்றார் அம்மா.

தாயையும் மகனையும் குசினியில் நிறுத்தி, உப்பும் செத்தல் மிளகாயும் கைக்குள் பொத்தி, இருவர் தலையையும் சுற்றி அம்மா நாவூறு கழித்தார். ஊரில் அதை அடுப்பு நெருப்பில் போடுவார்கள். எங்களுடையது மின்சார அடுப்பு. அம்மா யோசிக்கவே இல்லை. சிவந்து கிடந்த தட்டில் அப்படியே கொட்டினார். ஐயோ, அந்தக் கமறல்! அந்திரி இருமினான், மாமா கண்ணைக் கசக்கினார், புகை அலாரம் அலறி மாடிவீடு முழுவதும் மணி அடித்தது.

"கமறுது, அப்ப நாவூறு இல்லை!" அம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

அயலவர்களும் நாங்களுமாக எல்லோரும் வீட்டுச் செருப்போடு முற்றத்துக்கு இறங்கினோம். தீயணைப்பு வண்டி வந்தது. சீருடையில் இரண்டு பேர் இறங்கியதும், அந்திரியின் தாய் அவனைப் பிடித்து இழுத்து, மாமாவின் காருக்குப் பின்னால் குந்தவைத்து, அவன் தலையைக் கையால் அமத்திக்கொண்டார்.

இவ்வளவு பெரிய மனுசி நெருப்புக்குப் பயப்படுகிறாவே என்று நான் வாய்விட்டுச் சிரித்தேன். என்னை ஒருநாளும் அடிக்காத அம்மா, தொடையில் நறுக்கென்று கிள்ளினார். பிறகு போய் அவர்களை மறைத்துக் காரின் முன்னால் நின்றார். வண்டி போன பிறகும் அசையவில்லை.

அந்திரி சிவந்த கண்ணோடு போய் விளையாடினான். பயிற்சியாளர் திரும்பவும் வரச் சொன்னாராம். காண்கிற ஆட்களிடமெல்லாம் மாமா அதைச் சொல்லித் திரிந்தார்.

பல வருடங்களுக்குப் பிறகு, அவன் தன் நாட்டில் ஏதோ ஒரு சின்ன அணிக்கு விளையாடும் படத்தை மாமா கணினியில் கண்டுபிடித்தார். "நான் அப்பவே சொன்னனான்!" என்றார். அம்மா படத்தைப் பார்த்துவிட்டு, "மெலிஞ்சு போனான்" என்று மட்டும் சொன்னார்.

காரின் பின்னால் குந்தியிருந்தவர் எதற்குப் பயந்தார், அம்மா ஏன் நகராமல் நின்றார் என்றெல்லாம் அந்த வயதில் எனக்கு விளங்கவில்லை. அந்தச் சனிக்கிழமைக்கு அடுத்த மாதம் ஒரு காலை, தாயையும் மகனையும் கூட்டிப்போக மேல்வீட்டுக்கு உண்மையாகவே பொலிஸ் வந்தது. அம்மா அன்று வேலைக்குப் போயிருந்தார்.